உங்களுக்குத் தெரியுமா? குதிரை ஓட, ஊருக்கே விடுமுறை!

ஒரு குதிரைப் பந்தயத்துக்காக மெல்பர்னில் அரசு விடுமுறை விடுகிறார்கள்! நவம்பர் முதல் செவ்வாய்க்கிழமை நடக்கும் மெல்பர்ன் கோப்பைப் பந்தயம்தான் அது. தொடங்கிய ஆண்டு 1861. தூரம் 3,200 மீட்டர்.

• 2015 முதல், மெல்பர்ன் அமைந்துள்ள விக்டோரியா மாநிலத்தில் இன்னொரு விடுமுறையும் உண்டு: ஆஸ்திரேலியக் கால்பந்து இறுதிப் போட்டிக்கு முந்தைய நாள். போட்டி நடக்கும் நாளுக்கு அல்ல, அதற்கு முந்தைய நாளுக்கு!

• அமெரிக்கப் பயணிக்கு இந்த ஆட்டம் முற்றிலும் புதிது. அமெரிக்கக் கால்பந்தைப் போலத் தோள்கவசம் கிடையாது, மைதானம் நீள்வட்டம். பந்தை எறியக் கூடாது. உதைக்கலாம், அல்லது ஒரு கையில் ஏந்தி மறுகை முஷ்டியால் குத்தி அனுப்பலாம். நடுக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் 6 புள்ளி. சற்று விலகி, நடுக் கம்பத்துக்கும் பக்கத்துக் கம்பத்துக்கும் இடையே போனாலும் 1 புள்ளி உண்டு. தவறிய உதைக்கும் பலன் தரும் விளையாட்டு அபூர்வம்.

• டெக்சாஸ்காரர் மேசன் காக்ஸ் கல்லூரியில் கூடைப்பந்து ஆடியவர். உயரம் 211 செ.மீ. 2014இல் காலிங்வுட் என்ற ஆஸ்திரேலியக் கால்பந்து அணியில் சேர்ந்தார். 2023இல் அந்த அணி கோப்பை வென்றபோது களத்தில் இருந்தார்.

• ஆஸ்திரேலியக் கடைகளில் விலைச்சீட்டில் உள்ளதே இறுதி விலை. 10 சதவீத வரியும் அதில் அடக்கம். அமெரிக்காவில் பெரும்பாலும் விற்பனை வரி பில் போடும்போதுதான் சேரும்.