எக்ஸ்ரேயில் தெரியாத கிண்ணம்

இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவரின் எக்ஸ்ரே படத்தில் உலோகம் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டு, அதன் தலையில் உருண்டைப் பந்து, இடுப்பெலும்பில் பதித்த கோப்பை என்று ஒவ்வொன்றையும் அடையாளம் சொல்லிவிடலாம். பந்துக்கும் கோப்பைக்கும் நடுவே மட்டும் சில மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். அங்கே இருப்பது பாலிஎத்திலீன் கிண்ணம். எக்ஸ்ரே அதை ஊடுருவிப் போய்விடுவதால் படத்தில் விழுவதில்லை. செயற்கை மூட்டு பத்து ஆண்டு உழைக்குமா, முப்பது ஆண்டு உழைக்குமா என்பது பெரும்பாலும் இந்தக் கிண்ணத்தின் கையில்தான் இருக்கிறது. மளிகைக் கடைப் பையும் தண்ணீர்க் குடமும் இதே குடும்பத்துப் பிளாஸ்டிக்தான். ஆனால் மூட்டுக்குள் வைக்கும் ரகத்தை உருக்கி அச்சில் ஊற்ற முடியாது. உருகு வெப்பநிலையைத் தாண்டினாலும் அது ஓடாது, ரப்பர்போல் நிற்கும். அந்தக் குணம் அறுவைக் கூடத்தில் வந்ததல்ல. வேதியியல் கூடத்தில் ஒரு வினையூக்கி கொடுத்தது.

பாலிஎத்திலீன் முதலில் கிடைத்தது 1933இல், இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில். எத்திலீன் வாயுவைக் காற்றழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல் அழுத்திச் சூடேற்றினால்தான் அது உருவானது. அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் கிளை கிளையாகப் பிரிந்திருந்ததால் பொருள் இளக்கமாக இருந்தது. ஜெர்மனியின் முல்ஹைம் நகரில் கார்ல் சீக்லர் தலைமையில் இயங்கிய நிலக்கரி ஆராய்ச்சி நிறுவனம் இந்த அழுத்தப் பிரச்சினையைத் தீர்க்கக் கிளம்பியதல்ல. அலுமினியக் கரிமச் சேர்மங்களோடு எத்திலீன் எப்படி வினைபுரிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் எதிர்பார்த்த நீளச் சங்கிலிக்குப் பதிலாக வெறும் பியூட்டீன் வந்து நின்றது. எத்திலீன் இரண்டிரண்டாகச் சேர்ந்ததோடு வினை முடிந்துபோயிருந்தது. காரணத்தைத் துருவியபோது, வினைக்கலத்தில் ஒட்டியிருந்த நிக்கலின் சிறு சுவடு என்று தெரிந்தது.

கலத்தை நன்றாகக் கழுவிவிட்டுப் பழைய வேலையைத் தொடர்ந்திருக்கலாம். சீக்லரின் குழு அப்படிச் செய்யவில்லை. ஓர் உலோகம் சங்கிலியை அறுக்கிறது என்றால் வேறு உலோகங்கள் என்ன செய்யும் என்று வரிசையாகப் போட்டுப் பார்த்தார்கள். சிர்க்கோனியம் சங்கிலியை அறுக்காமல் வளர்த்தது. 1953 இறுதியில் டைட்டானியம் டெட்ராகுளோரைடைச் சேர்த்தபோது வினை கண்முன்னே நடந்தது. அழுத்தக் கலமே தேவைப்படவில்லை. சாதாரணக் கண்ணாடி ஜாடியில், சாதாரணக் காற்றழுத்தத்தில், வெள்ளைப் பொடியாகப் பாலிஎத்திலீன் படிந்தது. டைட்டானிய அணுவுக்கும் சங்கிலியின் நுனிக் கரிமத்துக்கும் இடையே எத்திலீன் மூலக்கூறுகள் ஒவ்வொன்றாக நுழைந்துகொண்டே போவதால் சங்கிலி நேராக, கிளையில்லாமல் வளர்கிறது. இத்தாலியின் ஜூலியோ நட்டா இதே வழியில் பாலிபுரோப்பிலீனை ஒழுங்காக அடுக்கிக் காட்டினார். 1963இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

சங்கிலி எங்கே நிற்க வேண்டும் என்பதையும் இந்த முறையில் கட்டுப்படுத்தலாம். ஹைட்ரஜன் சேர்த்தால் சங்கிலி சீக்கிரம் துண்டாகும். ஹைட்ரஜனைக் குறைத்து, வெப்பத்தையும் தணித்துவைத்தால் சங்கிலி நீண்டுகொண்டே போகும். மூட்டுக் கிண்ணத்துக்கான ரகத்தில் மூலக்கூறு எடை 20 லட்சம் முதல் 60 லட்சம் வரை இருக்கும். ஒரே சங்கிலியில் இரண்டு லட்சம் எத்திலீன் அலகுகள்கூடக் கோத்திருக்கலாம். இடியாப்பச் சிக்கல் என்று சும்மா சொல்வதை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: ஒவ்வொரு இழையும் பல இழைகளோடு பின்னிக்கிடப்பதால் ஒன்றை மட்டும் உருவி எடுக்க முடிவதில்லை. தேய்மானத்தைத் தாங்குவது இந்தப் பின்னல்தான். உருக்கி ஊற்ற முடியாததும் இதனால்தான். பொடியைச் சூட்டோடு அழுத்திக் கட்டியாக்கி, பிறகு கடைந்து கிண்ணமாக்குகிறார்கள். முல்ஹைமுக்குப் பக்கத்து ஊரான ஓபர்ஹவுசனில் ரூர்கெமி நிறுவனம் 1950களிலேயே இதைத் தயாரிக்கத் தொடங்கிவிட்டது. தறிகளுக்குப் பல்சக்கரம் செய்யத்தான் அது முதலில் விலைபோனது. மனித உடம்பைப் பற்றி அப்போது யாரும் நினைக்கவில்லை.

நினைத்தவர் இங்கிலாந்தில் இருந்தார், ஆனால் வேறு பிளாஸ்டிக்கை. ஜான் சார்ன்லி என்ற எலும்பு அறுவை மருத்துவர், லங்காஷயரில் காசநோய் மருத்துவமனையாக இருந்த ரைட்டிங்டன் மருத்துவமனையில் இடுப்பு மூட்டு ஆராய்ச்சியை நடத்திவந்தார். அக்ரிலிக் பந்து பொருத்தப்பட்ட ஒரு நோயாளியின் இடுப்பு கிறீச்சிட்டது. அவர் மனைவிக்கே அது தாங்கவில்லையாம். உராய்வுதான் எதிரி என்று சார்ன்லி தீர்மானித்தார். உராய்வு மிகக் குறைந்த பொருள் டெஃப்லான் என்பதால் அதில் கிண்ணம் செய்து சுமார் 300 பேருக்குப் பொருத்தினார். முதலில் எல்லாரும் வலியில்லாமல் நடந்தார்கள். சில ஆண்டுகளில் கிண்ணங்கள் தேய்ந்து, உதிர்ந்த டெஃப்லான் துகளைச் சுற்றித் திசு கட்டி, எலும்பு அரித்தது. ஏறக்குறைய அத்தனை பேரையும் திரும்ப அறுவை செய்ய வேண்டிவந்தது. உராய்வு குறைவு என்பதும் தேய்மானம் குறைவு என்பதும் ஒன்றல்ல என்பதை அந்த நோயாளிகள்தான் விலைகொடுத்துக் கற்றுத்தந்தார்கள்.

1962 மே மாதம் ஒரு விற்பனைப் பிரதிநிதி, தறிச் சக்கரத்துக்கான ஜெர்மன் பிளாஸ்டிக் துண்டோடு மருத்துவமனைக்கு வந்தார். நகத்தால் அழுத்திப் பார்த்த சார்ன்லி இது உதவாது என்று ஒதுக்கிவிட்டார். அவருடைய பட்டறைத் தொழில்நுட்பர் ஹாரி கிரேவன் அதைத் தூக்கிப்போடாமல் தேய்ப்பு இயந்திரத்தில் பூட்டி ஓடவிட்டார். இரவும் பகலும் மூன்று வாரம் ஓடியும், டெஃப்லான் ஒரே நாளில் தேயும் அளவுகூட அது தேயவில்லை. சார்ன்லி இயந்திரத்தை மட்டும் நம்பிவிடவில்லை. இரண்டு பொருள்களின் துணுக்குகளையும் தன் தொடைக்குள்ளேயே வைத்துத் தைத்துக்கொண்டார். ஒன்பது மாதம் கழித்து டெஃப்லான் இருந்த இடம் இரு மடங்கு முடிச்சாகக் கையில் தட்டுப்பட்டது. பாலிஎத்திலீன் இருந்த இடமே தெரியவில்லை. இதற்குள், 1962 நவம்பரிலேயே, புதிய கிண்ணம் நோயாளிகளுக்குப் பொருத்தப்படத் தொடங்கியிருந்தது. 22 மில்லிமீட்டர் எஃகுப் பந்து, பாலிஎத்திலீன் கிண்ணம், பல் மருத்துவர்களிடமிருந்து வாங்கிய அக்ரிலிக் சிமென்ட் மூன்றும் சேர்ந்த அந்த அமைப்பு உலகமெங்கும் பரவியது.

தேய்மானம் நின்றுவிடவில்லை, மெதுவானது. எவ்வளவு மெதுவானது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 22 மில்லிமீட்டர் பந்து ஆண்டுக்கு 0.1 மில்லிமீட்டர் கிண்ணத்துக்குள் இறங்கினால் 38 கன மில்லிமீட்டர் பிளாஸ்டிக் உதிர்கிறது. ஒரு கடுகுப் பிடிக்குக்கூடக் காணாது. ஆனால் அது அரை மைக்ரான் துகள்களாக உதிர்கிறது. அப்படியென்றால் ஆண்டுக்கு 50,000 கோடித் துகள்களுக்கு மேல். ஒரு கால் ஆண்டுக்குப் பத்து லட்சம் அடி வைக்கும் என்று கொண்டால், ஒவ்வொரு அடிக்கும் ஐந்து லட்சம் துகள். இந்த அளவுத் துகள்களைக் கிருமி என்று எண்ணி உடலின் விழுங்கு செல்கள் விழுங்குகின்றன. செரிக்க முடியாமல் அழற்சிப் புரதங்களைச் சுரக்கின்றன. எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களை அவை தூண்டிவிடுகின்றன. கிண்ணமும் தண்டும் நல்ல நிலையிலேயே இருக்க, அவற்றைப் பிடித்திருக்கும் எலும்பு கரைந்து மூட்டு ஆட்டம் காண்கிறது. நோயாளிக்குப் பல ஆண்டுகள் எந்த வலியும் இராது என்பதுதான் இதன் கொடுமை. ஆண்டுத் தேய்மானம் 0.1 மில்லிமீட்டருக்குக் கீழ் இருப்பவர்களிடம் இந்த அரிப்பு அரிதாகவே காணப்படுகிறது.

கிருமிநீக்கத்துக்காகச் செய்த வேலையும் இதைக் கூட்டிவிட்டது. கிண்ணங்களைக் காற்றுள்ள உறையிலிட்டுக் காமா கதிர் பாய்ச்சி அனுப்புவது 1990களின் நடுப்பகுதிவரை வழக்கம். கதிர் பட்ட இடத்தில் கரிம-ஹைட்ரஜன் பிணைப்பு அறுந்து தனி எலக்ட்ரான் கொண்ட அணுக்கள் மிஞ்சும். பக்கத்துச் சங்கிலியிலும் அப்படி ஒன்று இருந்தால் இரண்டும் கைகோத்துக் குறுக்குப் பிணைப்பாகும், அது நல்லது. துணை கிடைக்காமல் நிற்பவை ஆண்டுக்கணக்கில் காத்திருந்து ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். அலமாரியில் வெகுநாள் கிடந்த கிண்ணம் உடம்புக்குள் போவதற்கு முன்பே நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும்.

ஒரே கதிர் நன்மையும் தீமையும் செய்கிறது என்றால் நன்மையை மட்டும் பிரித்தெடுக்க முடியுமா என்பதே அடுத்த கேள்வி. கிருமிநீக்கத்துக்கு வேண்டியதைப்போல் இரண்டு மூன்று மடங்கு கதிர் பாய்ச்சிக் குறுக்குப் பிணைப்பைப் பெருக்கி, பிறகு உருகு வெப்பநிலைக்குமேல் சூடாக்கி, துணையற்று நின்றவற்றை ஒன்றோடொன்று சேரவைத்தார்கள். 1990களின் இறுதியில் இந்தக் கிண்ணம் சந்தைக்கு வந்தது. சோதனை இயந்திரங்களில் தேய்மானம் பத்தில் ஒன்று, இரண்டு பங்காகச் சுருங்கியது. இதற்கும் விலை உண்டு. உருக்கி ஆறவைக்கும்போது படிகப் பகுதி குறைந்து பொருளின் உறுதி இறங்குகிறது. மெல்லிய விளிம்புள்ள கிண்ணங்களில் விரிசல் விட்டதும் நடந்தது. உருக்காமலே ஆக்சிஜனைத் தடுக்க என்ன வழி என்று தேடியபோது, சமையல் எண்ணெயிலும் கொட்டைகளிலும் உள்ள வைட்டமின் ஈ கைகொடுத்தது. தன் ஹைட்ரஜனைக் கொடுத்துத் தனி எலக்ட்ரானை அது அடக்கிவிடும். பிளாஸ்டிக்குக்குள் வைட்டமின் ஊறிய இந்த ரகம் 2007 வாக்கில் நோயாளிகளை எட்டியது.

வினையூக்கியின் கதையும் அங்கேயே முடிந்துவிடவில்லை. பொடிக்குள் டைட்டானியம், அலுமினியம், குளோரின் எச்சங்கள் சில பி.பி.எம். அளவில் தங்கும். மருத்துவ ரகத்துக்கு இவற்றுக்கெல்லாம் உச்சவரம்பு உண்டு. குளோரின் எச்சம் இயந்திரங்களை அரிக்காமலிருக்க ஒருகாலத்தில் கால்சியம் ஸ்டியரேட் கலந்தார்கள். பொடி மணிகள் சரியாக ஒட்டாமல் போவதற்கு அதுவே காரணம் என்ற சந்தேகம் எழுந்ததால் கைவிட்டார்கள். இப்போது ஃபீனாக்சி-இமின் டைட்டானிய வினையூக்கிகளைக் கொண்டு சங்கிலிகள் பின்னிக்கொள்ளாத பொடி தயாரிக்கும் ஆராய்ச்சி நடக்கிறது. உருகு நிலைக்குக் கீழேயே அழுத்தி நீட்டி வலுவான பட்டைகளாக்கலாம் என்பது அதன் சிறப்பு. மூட்டுக்கு வர இன்னும் தூரம் இருக்கிறது.

எந்தப் பொருள் உண்மையில் நல்லது என்று யார் சொல்வது? இயந்திரம் சொல்வது போதாது, ஒரு மருத்துவமனையின் அனுபவமும் போதாது. மருத்துவத்திலிருந்து பொதுச் சுகாதாரத்துக்குள் விஷயம் நுழையும் இடம் இது. 2019இல் உலகில் 52.8 கோடிப் பேருக்கு மூட்டுத் தேய்வு இருந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. இத்தனை பேர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் சிறு தவறும் பெருந்தவறு. ஸ்வீடன் 1975இல் முழங்கால் மாற்றுக்கும் 1979இல் இடுப்பு மாற்றுக்கும் தேசியப் பதிவேடு தொடங்கியது. அறுவை செய்த நாள், பொருத்திய பொருளின் வகை, மறு அறுவை நடந்தால் அதன் காரணம் என்று ஒவ்வொருவரையும் ஆண்டுக்கணக்கில் தொடர்வதுதான் வேலை. நார்வேயின் பதிவேடு, போன்லாக் என்ற புதிய எலும்பு சிமென்ட் சீக்கிரமே தளர்வதைக் காட்டிக்கொடுத்தது; 1995இல் அது சந்தையை விட்டுப் போனது. குறுக்குப் பிணைப்புக் கிண்ணத்துக்குத் தீர்ப்பு ஆஸ்திரேலியப் பதிவேட்டிலிருந்து வந்தது. 16 ஆண்டு முடிவில் பழைய ரகத்தில் 11.7 சதவீதம் பேருக்கு மறு அறுவை தேவைப்பட்டிருக்க, புதியதில் 6.2 சதவீதம் பேருக்கே தேவைப்பட்டது.

தேய்மானத்துக்குப் பயந்து பிளாஸ்டிக்கையே விட்டு உலோகத்தின்மேல் உலோகம் என்று போனவர்களின் அனுபவம் வேறு மாதிரி. டீபுய் நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். இடுப்பு மூட்டு, ஆய்வகத்தில் நன்றாகவே ஓடியது. உடம்புக்குள் கோபால்ட்டும் குரோமியமும் இரத்தத்தில் கலந்து, சுற்றியுள்ள திசு சிதைந்தது. ஐந்து ஆண்டுக்குள் எட்டில் ஒருவருக்கு மறு அறுவை. இங்கும் ஆபத்தை முன்கூட்டிக் காட்டியவற்றுள் ஆஸ்திரேலியப் பதிவேடு ஒன்று. அந்த நாட்டில் 2009இலேயே விற்பனை நின்றது. உலகமெங்கும் திரும்பப் பெற 2010 ஆகஸ்ட் ஆனது. அதற்குள் சுமார் 93,000 பேருக்கு அது பொருத்தப்பட்டுவிட்டது. இந்தியாவில் ஏறத்தாழ 4,700 அறுவைகள். மத்திய அரசின் நிபுணர் குழு தேடியபோது 3,600 பேருக்குமேல் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. கட்டாயப் பதிவேடு இல்லாத நாட்டில் திரும்பப் பெறுதல் என்பது காகிதத்தோடு நின்றுவிடும். மூட்டு மருத்துவர் சங்கம் நடத்தும் பதிவேட்டில் சேர்வது இன்றும் அவரவர் விருப்பம்தான். 2017இல் முழங்கால் உபகரணங்களுக்கு விலை உச்சவரம்பு வந்தது. விலையைக் கண்காணிக்க முடிந்த அரசுக்குப் பொருளின் ஆயுளைக் கண்காணிப்பது முடியாத காரியமல்ல.

பதிவேடுகளின் கணக்குக்கு ஓர் இயல்பான தாமதம் உண்டு. இடுப்பு மாற்றில் 58 சதவீதமும் முழு முழங்கால் மாற்றில் 82 சதவீதமும் 25 ஆண்டு நீடிக்கின்றன என்று 2019இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு சொன்னது. அந்த 25 ஆண்டைக் கடந்தவர்கள் எல்லாரும் 1994க்கு முன் அறுவை செய்துகொண்டவர்கள். அவர்களுக்குப் பொருத்தியது பழைய பிளாஸ்டிக். குறுக்குப் பிணைப்புக் கிண்ணம் பெற்ற முதல் நோயாளிகள் 25 ஆண்டை இப்போதுதான் தாண்டுகிறார்கள். வைட்டமின் ஈ கலந்த ரகத்துக்கு அந்தக் கணக்கு 2032 வாக்கில் கிடைக்கும்.