தையல் மிஷின் மோட்டாரால் மறதி நோய் வருமா?

டெய்லர், லைன்மேன், வைண்டிங் தொழிலாளர் கவனிக்க!

கோவை:
காலையில் ஸ்விட்சைப் போட்டால் இரவு வரை காலடியில் மோட்டார் ஓடுகிறது. திருப்பூர் பனியன் கம்பெனி டெய்லர்களுக்குப் பழகிப்போன சத்தம் அது.

"நாள் பூரா மோட்டார் பக்கத்துலயே உக்காந்திருக்கறமே, ஒண்ணும் ஆகாதுங்களா?"

இந்தக் கேள்வியை விஞ்ஞானிகளும் கேட்டார்கள்.

தையல்காரர்களே அதிகம்

கரண்டு பாயும் கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகும். மோட்டாருக்குக் கிட்டே இருந்தால் அதிகம். தள்ளிப் போனால் வேகமாகக் குறையும்.

அமெரிக்காவின் யூஜின் சோபல் குழுவினர், பின்லாந்திலும் லாஸ் ஏஞ்சல்சிலும் 'அல்சைமர்' என்ற மறதி நோய் வந்தவர்கள் முன்பு என்ன வேலை செய்தார்கள் என்று விசாரித்தார்கள். காந்தப்புலம் அதிகமுள்ள வேலை பார்த்தவர்களிடம் நோய் கூடுதலாகத் தெரிந்தது. அவர்களில் பெரும் பகுதியினர் தையல்காரர்கள்! 1995-ல் இது வெளியானது.

ஆனால் ஆராயப்பட்டவர்கள் சில நூறு பேர்தான். பின்னால் வந்த ஆராய்ச்சிகள் ஒரே முடிவைச் சொல்லவில்லை. ஆதாரம் போதாது என்று 2007-ல் உலக சுகாதார நிறுவனம் கூறியது.

லைன்மேன் கதை

டென்மார்க்கில் சுமார் 21 ஆயிரம் மின்வாரியத் தொழிலாளர்களை ஆராய்ந்து 1998-ல் முடிவை வெளியிட்டார்கள். 'ஏ.எல்.எஸ்.' நோயால் இறந்தவர்கள் எதிர்பார்த்ததைப் போல் இரண்டு மடங்கு!

தசைகளை இயக்கும் நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும் நோய் இது. அபூர்வமானது. இரண்டு மடங்கு என்றாலும் அபூர்வம்தான். காரணம் காந்தப்புலமா, அடிக்கடி வாங்கிய ஷாக்கா? இன்னும் தீரவில்லை.

சந்தேகமே இல்லாதது

அதே ஆராய்ச்சியில் மின்விபத்துச் சாவு பல மடங்கு கூடுதலாக இருந்தது. இதில் விவாதம் இல்லை. ஷாக் உடனே கொல்லும்!

பம்ப் பட்டறையானாலும் பனியன் கம்பெனியானாலும் எர்த் சரியாக இருக்க வேண்டும். கரண்டு கசிந்தால் தானே அணைக்கும் இ.எல்.சி.பி. வேண்டும். சாப்பிடப் போகும்போது மோட்டாரை நிறுத்துங்கள்.

கையில் பிடி தளர்கிறதா? தசை துடித்து மெலிகிறதா? 'வேலை அசதி' என்று விட்டுவிடக் கூடாது. கோவை அரசு ஆஸ்பத்திரியிலோ சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ.யிலோ காட்டலாம். என்ன வேலை, எத்தனை வருஷம், எப்போது ஷாக் அடித்தது என்பதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

மோட்டாரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எர்த் இல்லாத மோட்டாரைத் தொடத்தான் பயப்பட வேண்டும்!