ஏடு காத்த ஆசிரியர் அல்குவின்

மேலை உரோமப் பேரரசு கி.பி. 476இல் வீழ்ந்தது. அதன்பின் நூல்களைப் பேணிவந்த நகரப் பள்ளிகளும் நூலகங்களும் ஒவ்வொன்றாக மறைந்தன. அக்காலத்தில் ஒரு நூல் அழிவதற்கு எவரும் அதனை எரிக்க வேண்டியதில்லை. படியெடுக்காமல் விட்டாலே போதும். படியெடுக்கும் பணி துறவிமடங்களைச் சார்ந்திருந்தது. எட்டாம் நூற்றாண்டிலோ பிராங்கு நாட்டுக் குருமார் பலர் இலத்தீனைப் பிழையற எழுத அறியாதிருந்தனர். பிழையுள்ள படியிலிருந்து எடுத்த படியில் பிழை மேலும் பெருகியது. இந்நிலையை மாற்ற முற்பட்டோருள் முதன்மையானவர் அல்குவின்.

இவர் ஏறத்தாழ 735இல் இங்கிலாந்தின் வடபகுதியான நார்த்தம்பிரியாவில் பிறந்தார். யார்க் பேராலயப் பள்ளியில் பயின்று, பின்னர் அதற்கே தலைவரானார். இவருடைய ஆசிரியர் ஏல்பெர்ட், கடல் கடந்து சென்று நூல்களைத் தேடிச் சேர்த்தவர். அந்நூல்களைத் தம் மாணவரிடமே ஒப்படைத்தார். 781இல் உரோமாபுரிப் பயணத்தின்போது இத்தாலியின் பார்மா நகரில் அல்குவின் பிராங்கு மன்னர் சார்லமேனைச் சந்தித்தார். தம் அவைக்கு வந்து கற்பிக்குமாறு மன்னர் வேண்டினார். ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஆசிரியர் இசைந்தார்.

அரண்மனைப் பள்ளியில் இளவரசரும் இளவரசியரும் மட்டுமல்லர், மன்னரும் மாணவரே. அணியியல், தருக்கம், வானியல் ஆகியவற்றை அவர் அல்குவினிடம் கற்றார். எழுதப் பழகுவதற்காகத் தலையணைக்கடியில் எழுதுபலகை வைத்திருந்தார் என்றும், காலங்கடந்து தொடங்கியதால் அம்முயற்சி கைகூடவில்லை என்றும் அவர் வரலாற்றை எழுதிய ஐன்ஹார்ட் குறிப்பிடுகிறார். இளைஞர் அறிவைக் கூர்மையாக்கும் புதிர்க்கணக்குத் தொகுதி ஒன்றும் அல்குவின் பெயரால் வழங்குகிறது. ஓநாய், ஆடு, முட்டைக்கோசு மூன்றையும் ஒரு படகில் ஆற்றைக் கடத்தும் புதிர் அதில் உள்ளது. நம் ஊர்களில் புலி, ஆடு, புல்லுக்கட்டு என்று சொல்லப்படும் அதே புதிர்தான்!

789இல் சார்லமேன் வெளியிட்ட ஆணை, மடங்கள்தோறும் சிறுவர்க்குப் பள்ளி அமைக்கப் பணித்தது. நூல்களைத் திருத்தமாக்கவும், திருமறை நூல்களைப் படியெடுக்கும் பொறுப்பைச் சிறுவரிடம் விடாது முதிர்ந்தோரிடம் அளிக்கவும் அது வலியுறுத்தியது. இவ்வாணையில் அல்குவினின் கருத்துகள் இடம்பெற்றிருப்பதாக ஆய்வாளர் பலர் கருதுவர்.

அல்குவின் மன்னருக்கு இசைபாடும் அவைப்புலவர் அல்லர். சார்லமேன் போரில் வென்ற சாக்சானியர், திருமுழுக்குப் பெற மறுத்தால் மரண தண்டனை என்று சட்டம் இருந்தது. நம்பிக்கை மனம் ஒப்பி வருவது, அதனை வலிந்து புகுத்த இயலாது என்று அல்குவின் 796இல் கடிதம் எழுதினார். புதிதாகச் சமயம் தழுவியோரிடம் பத்தில் ஒரு பங்கு வரியைக் கடுமையாகத் தண்டுதலும் கூடாது என்றார். மன்னரின் ஆதரவில் வாழ்ந்துகொண்டே இவ்வாறு எழுதுவதற்குத் துணிவு வேண்டும். அவருடைய கடிதங்கள் ஏறத்தாழ முந்நூறு இன்றும் கிடைக்கின்றன.

அதே 796இல் தூர் நகரத்துத் தூய மார்ட்டின் மடத்தின் தலைமையை ஏற்றார். யார்க்கில் தாம் பயன்படுத்திய நூல்கள் அங்கு இல்லாத குறை அவரை வருத்தியது. மாணவர் சிலரை இங்கிலாந்துக்கு அனுப்பி அவற்றைப் படியெடுத்துவர இசைவு வேண்டி மன்னருக்கு எழுதினார். மூன்றாண்டுகளுக்கு முன்புதான் நார்த்தம்பிரியாவின் லிண்டிஸ்பார்ன் மடத்தை வைக்கிங்குகள் சூறையாடியிருந்தனர். அவ்வேண்டுகோளின் அவசரம் நமக்கு விளங்கும். தூர் மடத்தில் எழுத்தர்கள் நிறுத்தக்குறிகளைச் செம்மையாக இட வேண்டுமென்று வற்புறுத்தினார். எழுதுபொருள் ஆட்டுத்தோல், முழு விவிலியப் படி ஒன்றுக்கு இருநூறு ஆடுகள் வரை தேவைப்பட்டன.

அல்குவின் 804 மே 19இல் தூரிலேயே மறைந்தார். அவர் காலத்தில் பரவிய தெளிவான, உருண்டை வடிவ எழுத்துமுறை கரோலின் சிற்றெழுத்து எனப்படுகிறது. அதனைத் தோற்றுவித்தவர் அவரல்லர்; அதனைச் செம்மைப்படுத்திப் பரப்பியதில் தூர் மடத்துக்குப் பெரும்பங்கு உண்டு. பழைய இலத்தீன் இலக்கியங்கள் பலவற்றுக்கு இன்று கிடைக்கும் மிகப் பழைய படிகள் இவ்வெழுத்தில் அமைந்தவையே. பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலிய அறிஞர்கள் இவற்றைக் கண்டு, பண்டை உரோமரின் கையெழுத்து எனத் தவறாக எண்ணி, தம் எழுத்துக்கு முன்மாதிரியாகக் கொண்டனர். அச்சுக்கலை அதனையே பின்பற்றியது. இன்றைய ஆங்கில நூல்களில் காணும் சிறிய எழுத்துகள் அவ்வழி வந்தவை.