சூழ்தலும் வானொலி நெல்லும்

‘சூழ்ச்சி’ என்னும் சொல்லை இன்று நாம் வஞ்சகம் என்ற பொருளிலேயே வழங்குகிறோம். வள்ளுவர் காலத்தில் அச்சொல்லுக்கு இவ்விழுக்கு இல்லை. ஒரு செயலில் இறங்குமுன் அறிந்தாரோடு கூடி அதன் நன்மை தீமைகளை எண்ணிப் பார்ப்பதே சூழ்தல் எனப்பட்டது. இதனோடு உறவுடைய மற்றொரு சொல் உசாவுதல். ‘உசாத்துணை’ என்னும் அழகிய தொடர் இந்நாளில் ஆய்வேட்டின் இறுதியில் வரும் நூற்பட்டியலின் தலைப்பாகச் சுருங்கிவிட்டது. முன்னர் அது, மனம் கலங்கிய வேளையில் வினவிக் கலந்துகொள்ளத் தக்க துணைவரைக் குறித்தது. அறிவுரைக்கும் உசாவலுக்கும் வேற்றுமை உண்டு. அறிவுரையில் ஒருவர் சொல்வார், மற்றவர் கேட்பார். உசாவலிலோ கேட்பவரும் பேசுவார், மறுத்துரைப்பார், தம் அனுபவத்தை எடுத்து வைப்பார். அன்றாட வாழ்வுக்குரிய யோசனை எந்த வழியில் பயன் தருகிறது என்பதற்கு நம் காவிரிப் படுகையிலேயே ஒரு சான்று இருக்கிறது. நம் மாணவர்களுள் பலர் அதனை அறியார் என்பதால் ஈண்டு எழுதுகிறோம்.

1960 ஆம் ஆண்டு நடுவணரசு தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்தைத் தொடங்கியபோது, முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு மாவட்டங்களுள் தஞ்சாவூரும் ஒன்று. அன்றைய தஞ்சை மாவட்டம் என்பது இன்றைய திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களையும் உள்ளடக்கிய பெருநிலப் பரப்பு. ஊர் மக்கள் இதனைப் ‘பேக்கேஜ் திட்டம்’ என்றே அழைத்தனர். உரமும் கடனும் வந்தன. ஆனால் கொடுத்த உரத்தை ஏற்று விளைந்து, குறுவைப் பட்டத்திற்குள் முடிந்து, தாளடிக்கு வயலை விட்டுக்கொடுக்கும் நெல் ஒன்று வேண்டியிருந்தது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் ஜப்பானிய நோரின் 10 இரகத்தையும் நம் நாட்டு ஜி.இ.பி. 24 இரகத்தையும் இணைத்து உருவாக்கிய ஆடுதுறை 27 அத்தேவைக்கு ஏற்றதாய் அமைந்தது. அதன் வயது ஏறத்தாழ 105 நாள்.

அதே காலத்தில், 1966 இல், அகில இந்திய வானொலி நாட்டில் பத்து நிலையங்களில் பண்ணை இல்ல ஒலிபரப்புப் பிரிவுகளை ஏற்படுத்தியது. 1939 முதல் இயங்கிவந்த திருச்சிராப்பள்ளி நிலையம் அவற்றுள் ஒன்று. ஆடுதுறை 27 இன் விதை நேர்த்தி, நாற்றங்கால், நடவு இடைவெளி, உர அளவு ஆகியவை திருச்சி வானொலியில் நாள்தோறும் பேசப்பட்டன. சில பருவங்களுக்குள் அந்நெல் குறுவை வயல்களில் பரவியது. அதன் எண்ணை யாரும் நினைவில் வைக்கவில்லை. ‘ரேடியோ நெல்’ என்று கேட்டே விதை வாங்கினர். ஒரு பயிருக்கு, அதனைக் கண்டுபிடித்த நிலையத்தின் பெயரோ அறிஞர் பெயரோ அமையாமல், செய்தியைக் கொண்டுவந்த பெட்டியின் பெயர் அமைந்தது புதுமைதான்.

இதனைக் கொண்டு, வானொலி சொன்னது, உழவர் செய்தனர் என்று முடிவு கட்டுவாரும் உளர். அவ்வளவு எளிதாக உழவர் எவர் சொல்லையும் ஏற்பதில்லை. பிழைபட்டால் இழப்பது ஓர் ஆண்டுச் சோறு. வாங்கிய கடனோ நிற்கும். அத்தகையவர் ஒரு குரலை நம்பினர் என்றால், அக்குரலுக்கும் வயலுக்கும் இடையே மற்றொன்று நடந்திருக்க வேண்டும். அது யாது என்பதைக் காண நாம் சற்றே தஞ்சையை விட்டு வெளியே செல்ல வேண்டும்.

கனடா நாட்டில் 1941 முதல் 1965 வரை உழவர் வானொலி மன்றம் ஒன்று நடைபெற்றது. பனிக்காலத் திங்கட்கிழமை இரவுகளில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடி ஒலிபரப்பைக் கேட்கும்; பின்னர் தமக்குள் உசாவி, தம் கருத்தை எழுதி அனுப்பும். அடுத்தடுத்த வாரங்களில் அக்கருத்துகள் வானொலியில் தொகுத்துச் சொல்லப்படும். இம்முறையை யுனெஸ்கோ துணையுடன் 1956 இல் நம் நாட்டில் சோதித்தனர். அன்றைய பம்பாய் மாநிலத்தில் புனே முதலிய ஐந்து மாவட்டங்களில் ஏறத்தாழ 150 சிற்றூர்களில் மன்றங்கள் அமைந்தன. மன்றத்துக்கு இருபதின்மர் அளவில் உறுப்பினர். வாரத்துக்கு இரண்டு ஒலிபரப்பு. மொத்தம் 20 நிகழ்ச்சிகள். டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் சார்பில் பால் நியூராத் என்னும் அறிஞர் இதன் விளைவை அளந்தார். அளந்த முறைதான் நம் கருத்துக்கு இன்றியமையாதது. மன்றம் உள்ள ஊர், வானொலி மட்டும் இருந்து மன்றம் இல்லாத ஊர், வானொலியே இல்லாத ஊர் என மூவகை ஊர்களை அவர் ஒப்பிட்டார். மன்றம் கூடிய ஊர்களில் மக்களின் அறிவு பெரிதும் வளர்ந்திருந்தது. வானொலி மட்டும் ஒலித்த ஊர்களில் அத்தகைய வளர்ச்சி காணப்படவில்லை. பெட்டி அதுவே, குரலும் அதுவே. கேட்டபின் கூடிப் பேசினார்களா என்பதே வேற்றுமை. இந்த அனுபவத்தின் பேரில் 1959 முதல் வானொலி ஊரக மன்றங்கள் நாடெங்கும் அமைக்கப்பட்டன.

தஞ்சைத் தரணியில் மன்றத்தைப் புதிதாகக் கற்பிக்க வேண்டிய தேவை குறைவு. பொதியிலும் மன்றமும் சங்ககாலச் சொற்கள். திண்ணை, மதகு, பள்ளிவாசல் முகப்பு, தேநீர்க்கடைப் பலகை ஆகியவை அவற்றின் பிற்கால வடிவங்கள். வானொலி சொன்ன உர அளவை அங்கே அமர்ந்து குறைத்தும் கூட்டியும் பேசியவர்களை நம் முந்தைய தலைமுறையினர் கண்டிருக்கின்றனர். களிமண் வயலுக்கு ஒன்று, மணற்பாங்கான வயலுக்கு ஒன்று. தலைமடைக்கு ஒன்று, கடைமடைக்கு ஒன்று. வானொலி அனைவருக்கும் பொதுவாகத்தான் பேச முடியும். எவர் வயல் எத்தகையது என்பதைப் பக்கத்து வயல்காரரே அறிவார்.

நெல்லின் குறைகளும் இவ்வாறே வெளிப்பட்டன. உரம் மிகுந்தால் ஆடுதுறை 27 சாய்ந்துவிடும். குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்தோடு மோதும். நனைந்த நெல்லைக் காயவைக்கக் களமும் இல்லை, வெயிலும் இல்லை. ஈர நெல்லைப் பற்றிய இந்த இடர்ப்பாடே பின்னர் ஆராய்ச்சிக்குப் பொருளாயிற்று. திருவாரூரில் நவீன அரிசி ஆலையை ஒட்டித் தோன்றிய ஆய்வுக்கூடம் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாக வளர்ந்து, தஞ்சாவூருக்கு இடம் மாறி, இன்று தேசிய அளவிலான உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக விளங்குகிறது. களத்து மேட்டுப் புலம்பல் என்று ஒதுக்காமல் அதனைக் கேள்வியாக எடுத்துக்கொண்டோரின் பணி அது.

இவ்விடத்தில் மதீனாவின் பேரீச்ச மரங்கள் நம் நினைவுக்கு வருகின்றன. அங்கு உழவர் மகரந்தச் சேர்க்கை செய்வதைக் கண்ட அண்ணல் நபி (ஸல்) அவர்கள், அது தேவைதானா என்ற கருத்தில் ஒன்று கூறினார்கள். உழவர் அதனை விட்டுவிட, விளைச்சல் குறைந்தது. செய்தி எட்டியபோது, உலகியல் தொழிலில் அத்தொழிலாளரே நன்கறிந்தவர் என்னும் பொருள்படப் பெருமானார் உரைத்ததை முஸ்லிம் நபிமொழித் தொகுப்பு பதிவு செய்துள்ளது. தம் சொல்லையே ஒரு கருத்தாக வைத்து, முடிவைத் தொழில் அறிந்தவரிடம் விட்ட பெருந்தன்மை, சிறிது படித்துவிட்டு அனைவருக்கும் வழி சொல்லப் புறப்படும் நம்மனோர் எண்ணத்தக்கது.

நம் படுகையின் உசாவலில் ஒரு பெருங்குறை இருந்ததையும் மறைத்தலாகாது. நாற்றுப் பறித்து நட்டவர் பெண்கள். சேற்றில் உழைத்தவர் பண்ணையாட்கள். நெல்லை அவர்கள் அளவுக்கு அணுகி அறிந்தவர் எவர்? எனினும் திண்ணைப் பேச்சு பெரிதும் நிலமுடைய ஆடவரின் பேச்சாகவே இருந்தது. விதை எவ்வளவு, யூரியா எவ்வளவு என்று பேசிய வாய்கள், விளைச்சல் பெருகியபோது கூலி எவ்வளவு என்ற கேள்வியைச் சபைக்குரியதாகக் கொள்ளவில்லை. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில், கூலிப் பூசலின் முடிவில், குடிசைக்குள் 44 உயிர்கள் தீக்கிரையாயின. பெண்களும் குழந்தைகளுமே அவர்களுள் மிகுதி. இக்கொடுமைக்கு வானொலியையோ நெல்லையோ குற்றம் சொல்லுதல் நம் நோக்கமன்று. ஆனால் ரேடியோ நெல்லின் வரலாற்றைப் பெருமிதத்தோடு எழுதுவோர் அதே வயல்களில், அதே ஆண்டுகளில் நிகழ்ந்த இதனை வேறு அத்தியாயம் என்று தள்ளிவிடுகின்றனர். அது நமக்கு உடன்பாடில்லை.

எழுபதுகளில் வேறு இரகங்கள் வந்து ஆடுதுறை 27 ஐ விலக்கின. இன்று விதைக்கடையில் அதனைக் கேட்பாரில்லை. இந்நாளில் யோசனை சொல்லும் கருவி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது. பூச்சிக்கு மருந்து கேட்டால் அரை மணியில் பத்துப் பதில் வருகிறது. பதில் சொன்னவர் வயல் எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரிவதில்லை.

அதனை நேரில் கேட்கத்தக்க ஓரிடம் திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் உண்டாயிற்று. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் வழியில் நின்ற நெல் ஜெயராமன் 2006 இல் அங்கு நெல் திருவிழாவைத் தொடங்கினார். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் வகைகளை மீட்டு, 2018 இல் அவர் மறைந்தார். அவ்விழாவில் விதைக்கு விலை இல்லை. இரண்டு கிலோ விதை பெற்றவர், அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும். காட்டுயானத்தை வாங்கிச் சென்றவர் மீண்டும் அப்பந்தலுக்கு வரும்போது, கையில் நெல்லும் இருக்கும். அது தம் மண்ணில் எவ்வாறு விளைந்தது என்ற விடையும் இருக்கும்.