‘எல்லாம் என் தப்புதான்’... அதிர்ச்சிக்குப் பிறகு துரத்தும் குற்ற உணர்வு: ஆய்வு சொல்வது என்ன?

போர், விபத்து, வன்முறை முடிந்த பிறகும் அந்த நினைவு சிலரை விடாது. கூடவே ‘நான்தான் காரணம்’ என்ற எண்ணமும் வாட்டும்.

இராக், ஆப்கானிஸ்தான் போர்களில் இருந்து திரும்பிய 100-க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்களிடம் நடந்த ஆய்வு 2015-ல் வெளியானது. தன் மீது பரிவு காட்டியவர்களுக்கு, ஓராண்டு கழித்து பிடிஎஸ்டி பாதிப்பு குறைவாக இருந்தது. சந்தித்த சண்டையின் கடுமையைக் கணக்கில் எடுத்தும் இதே முடிவுதான்.

தன்பரிவு என்றால்?

உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் சொல்லும் 3 அம்சங்கள்:

* தன்னையே திட்டாமல் அன்பாக நடத்துவது
* கஷ்டம் எல்லோருக்கும் வரும் என்று உணர்வது
* வலியை மறைக்காமல், பெரிதாக்காமல் கவனிப்பது

சிம்பிளா சொன்னா, நண்பருக்குச் சொல்லும் ஆறுதலை நமக்கும் சொல்வது. ஆனால் இது சிகிச்சைக்கு மாற்று இல்லை. பயம், தூக்கமின்மை தொடர்ந்தால் டெலி மானஸ் 14416 எண்ணை அழைக்கலாம்.