கட்டியின் சர்க்கரைப் பசி

பெங்களூருக்கும் மைசூருவுக்கும் இடையே சாலைவழி ஏறக்குறைய 145 கிலோமீட்டர். பெங்களூரில் ஆக்கப்பட்ட எஃப்.டி.ஜி. என்னும் கதிரியக்க மருந்து ஈயக் கலத்தில் வைக்கப்பட்டு, மூன்று மணி நேரத்தில் மைசூருவை அடைவதாகக் கொள்வோம். புறப்பட்டபோது இருந்த கதிரியக்கத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே அப்போது எஞ்சியிருக்கும். அதிலுள்ள புளோரின்-18 என்னும் ஐசோடோப்பின் அரை ஆயுள் 110 நிமிடமே. ஆசிரியர்கள் இதனை வகுப்பில் ஒரு கணக்காகவே கொடுக்கலாம்.

இவ்வளவு விரைவில் தேய்ந்துபோகும் பொருளை மருத்துவர்கள் நாடுவதற்குக் காரணம் உண்டு. எக்ஸ்-ரே படம் புற்றுக்கட்டியின் அளவையும் வடிவத்தையும் காட்டும். அதன் ஊக்கத்தைக் காட்டாது. புற்றணுக்கள் குளுக்கோஸை மிகுதியாக உட்கொள்வதை ஜெர்மானிய விஞ்ஞானி ஆட்டோ வார்பர்க் 1920களில் கண்டறிந்தார். எஃப்.டி.ஜி.யும் குளுக்கோஸைப் போலவே உயிரணுவினுள் புகுகிறது. ஆயினும் முதற்படி மாற்றத்திற்குப்பின் மேற்கொண்டு சிதைவுறாமல் அங்கேயே தங்கிவிடுகிறது. புளோரின் வெளியிடும் பாஸிட்ரான் அருகிலுள்ள எலெக்ட்ரானுடன் கூடி அழிய, இரண்டு காமாக் கதிர்கள் எதிரெதிர்த் திசைகளில் பாய்கின்றன. நோயாளியைச் சுற்றியுள்ள வளையக் கருவி இவ்விரண்டையும் ஒருங்கே பதிவுசெய்து, சர்க்கரை குவிந்துள்ள இடங்களைப் படமாக்குகிறது. இம்மருந்து மனிதருக்கு முதன்முதலாகச் செலுத்தப்பட்டது 1976-இல், அமெரிக்காவில். இத்தகைய மருந்துகளை ஆக்கும் நம் நாட்டின் முதல் மருத்துவ சைக்ளோட்ரான் 2002-இல் மும்பைப் பரேலிலுள்ள கதிரியக்க மருத்துவ மையத்தில் அமைந்தது.

எலும்பு, தசை, கொழுப்பு முதலிய திசுக்களில் தோன்றும் ஸார்க்கோமா என்னும் புற்றில் இப்படம் தனிப் பயன் தருகிறது. வயதுவந்தோரின் புற்றுநோய்களில் இது நூற்றுக்கு ஒன்றளவே. சிறுவரிடையே இதன் பங்கு கூடுதல். வகைகளோ ஐம்பதுக்கு மேற்பட்டவை. ஒருவரிடம் ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடப்பது, இன்னொருவரிடம் சில மாதங்களிலேயே நுரையீரலை எட்டிவிடும். யாருக்கு எவ்வளவு கடுமையான சிகிச்சை தேவை, யாருடைய காலை வெட்டாமல் காக்கலாம் என்று முடிவுசெய்வது எளிதன்று.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் 209 நோயாளிகளை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட முடிவின்படி, சிகிச்சைக்கு முன்னரே கட்டி எஃப்.டி.ஜி.யை மிகுதியாக ஏற்றவர்களின் ஆயுள் வாய்ப்புக் குறைவாக இருந்தது. கை, கால்களில் மென்திசு ஸார்க்கோமா கண்ட 46 பேரைப் பற்றிய ஆய்வு 2005-இல் அங்கிருந்தே வெளிவந்தது. ஏற்பளவுக் குறியீடு 6 அல்லது அதற்கு மேல் இருந்து, மருந்துச் சிகிச்சைக்குப் பின்னும் நூற்றுக்கு 40 பங்கு குறையாதவர்களிடம் நோய் திரும்பும் அபாயம் மிகுந்திருந்தது. எலும்பு ஸார்க்கோமாவில் இத்தகைய ஒப்பீடு இன்னும் பயனுள்ளது. அங்கே அணுக்கள் மடிந்த பின்னும் கட்டி சுருங்காது நிற்பதுண்டு, அளவுகோலை நம்பினால் ஏமாற நேரும்.

ஆயினும் இது ஜோதிடமன்று. பலரைத் திரட்டிக் கண்ட வாய்ப்பளவு, எதிரே அமர்ந்திருக்கும் ஒருவரின் நாள் கணக்கு ஆகாது. மேலும் காசநோய்ப் புண்ணும் சீழ்க்கட்டியும் சர்க்கரையை ஈர்ப்பதால் படத்தில் ஒளிரும். நம் நாட்டில் இதனை மறக்கலாகாது. எனவே திசுவைச் சிறிது எடுத்து நுண்ணோக்கியில் காண்பதே நோயை உறுதிசெய்யும் வழி.

கிராமத்தில் பணிபுரிவோர் கவனிக்க வேண்டியவை படத்திற்கு முந்தியவை. தொடையிலோ தோளிலோ ஆழத்தில் வளரும் கட்டி, 5 சென்டிமீட்டரைத் தாண்டிய கட்டி, முழங்காலருகே இரவிலும் விடாது வலிக்கும் பிள்ளையின் எலும்பு ஆகியவற்றை விளையாட்டில் பட்ட அடி என்று தள்ளாமலும் எண்ணெயிட்டு நீவாமலும் உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். மருத்துவமனை படத்திற்கு நாள் குறித்தால், நோயாளி நான்கு முதல் ஆறு மணி நேரம் உண்ணாதிருத்தல் அவசியம், தண்ணீர் அருந்தலாம். வழியில் குடிக்கும் ஒரு குவளைச் சர்க்கரைத் தேநீர்கூடப் படத்தை மங்கச் செய்துவிடும். முந்திய நாள் கடும் உடலுழைப்பும் ஆகாது. உழைத்த தசையும் சர்க்கரையை ஈர்க்கும். நீரிழிவு உள்ளவர் அதனை முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவித்துவிடவேண்டும்.