தாராவியில் ஒரு குளக்கரை

தாராவி என்றதும் ஊரிலிருந்து வரும் உறவினர்களுக்குக் குடிசைகளும் தோல் பட்டறைகளும்தான் நினைவுக்கு வரும். அங்கே உட்கார்ந்து மீன்கொத்தியைப் படம் பிடிக்கலாம் என்றால் நம்ப மாட்டார்கள். ஆனால் தாராவி பஸ் டெப்போ அருகே, மித்தி நதிக்கரையில், 37 ஏக்கரில் மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா இருக்கிறது. ஒரு காலத்தில் மும்பையின் குப்பையைக் கொட்டிய இடம் அது. 1983-இல் பறவையியல் அறிஞர் சாலிம் அலி அங்கே மரக்கன்று நட்டார். 1994-இல் பூங்கா பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. மழைநீர் சேரும் குளம் ஒன்றும் உள்ளே உண்டு.

ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு, அந்தக் குளக்கரையில் காமிராவுடன் உட்காருவதில் அலுப்பே தட்டுவதில்லை. படம் எடுக்கும் முறை எளிது. துரத்தக் கூடாது, காத்திருக்க வேண்டும். பல தும்பிகள் பறந்து போனாலும் அதே குச்சி நுனிக்கே திரும்பி வரும். குச்சியில் ஃபோகஸ் வைத்துவிட்டு அசையாமல் இருந்தால் போதும். மடையான் நிற்கும்போது சேற்று நிறம்; சிறகு விரித்தால் வெள்ளை வெளேர். அந்த நொடியைப் பிடிக்க ஷட்டர் வேகம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்காவது வேண்டும்.

"குளம் இருந்தால் கொசு வராதா?" என்று கேட்பவர்கள் உண்டு. தும்பியின் குஞ்சு தண்ணீருக்குள்தான் வளர்கிறது. கொசுப் புழுக்கள் அதற்கு உணவு. கை போல மடிந்திருக்கும் அதன் கீழுதடு, இரை அருகில் வந்ததும் சட்டென்று நீண்டு கவ்வும். எந்தப் பட்டறையிலும் இப்படி ஒரு கருவியை நான் பார்த்ததில்லை.

மழைக்காலம் முடியும்போது கூட்டமாகப் பறக்கும் மஞ்சள் தும்பிகள் இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கடல் கடந்து கிழக்கு ஆப்பிரிக்கா போகின்றன என்று 2009-இல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் எழுதினார். போன தும்பி திரும்புவதில்லை. அதன் சந்ததிதான் திரும்புகிறது என்பது அவர் கருத்து. பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நமக்கு இது புதிய செய்தியல்ல.

நம் பிள்ளைகள் ஊருக்குப் போவது ஆண்டுக்கு ஒரு முறை. சிலருக்கு அதுவும் இல்லை. மடையான், நீர்க்காகம், தட்டான் என்ற சொற்களைப் புத்தகத்தில் படித்தால் மறுநாள் மறந்துவிடும். கண்ணெதிரே காட்டிச் சொன்னால் மறக்காது. மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் பூங்கா தொலைவில்லை. ஒரு விடுமுறை நாள் காலையில் அழைத்துப் போங்கள். காமிராவுக்கு அனுமதி பற்றி வாயிலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம், கூடுகளை நெருங்க வேண்டாம். பெயர்களை மட்டும் தமிழில் சொல்லிக் கொடுங்கள்.